ஏழு சீட்டு, ஒரே களிம்பு

1. மஞ்சப்பை

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருபது வருடமாகத் தோல் டாக்டராக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல இந்த ஒரு கேஸ் போதும்.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து செல்வி என்ற அம்மா, எட்டு வயது மகளைத் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்கு அழைத்து வந்தார். முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து தடித்த படை. நடுவில் தழும்பு, ஓரம் மட்டும் படர்ந்துகொண்டே போனது. இரண்டு வருடமாக ஆறவில்லை.

மஞ்சப்பையிலிருந்து ஏழு சீட்டை எடுத்து வைத்தார். ஏழிலும் 'அலர்ஜி'. ஏழிலும் அதே ஸ்டீராய்டு களிம்பு. முதல் ஆள் எழுதியதைப் பார்த்து மற்ற ஆறு பேரும் எழுதியிருந்தோம். ஆமாம், எழுதியிருந்தோம். ஐந்தாவது சீட்டில் இருந்தது என் கையெழுத்து. கூட்டம் நெரிந்த ஏதோ ஒரு காலையில், பாவாடையை விலக்கிக்கூடப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன்.

"மீனு குடுக்காதன்னாங்க, நிறுத்திட்டேன். கருவாடும் நிறுத்திட்டேன். எங்க ஊட்ல வேற இன்னா மேடம் இருக்குது?" என்றார் செல்வி.

2. சீனியரின் சந்தேகம்

பயாப்ஸி எடுக்கலாமா என்று விழுப்புரத்திலிருந்த என் சீனியரிடம் போனில் கேட்டேன்.

"ஒரு படைக்கு பயாப்ஸியா? களிம்பை மாத்திக் குடுத்து அனுப்பும்மா. ஜல்தியா கூட்டத்தை முடி."

அனுப்பவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோல் எடுத்து லேபுக்குக் கொடுத்தேன். பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது: தோலில் காசநோய். எங்கள் களிம்பு தோலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, இரண்டு வருடமும் கிருமிக்குத்தான் உதவியிருக்கிறது.

அடுத்த மாத டாக்டர்கள் கூட்டத்தில் சீனியர் இந்தக் கேஸைத் திரையில் போட்டுக் காட்டினார். "பார்த்ததுமே எனக்கு சந்தேகம்" என்றார். அந்த முழங்காலை அவர் பார்த்ததே அந்தத் திரையில்தான்.

3. வெளியே பெஞ்சில்

ரிப்போர்ட் வந்த அன்றைக்கே செல்வியிடம், வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டேன்.

"இவங்க அப்பாவுக்குத்தான். ரொம்ப நாளா இருமிக்கினே இருக்காரு."

"அவரை ஏம்மா ஒரு நாளும் கூட்டிக்கிட்டு வரல?"

"அவருதான மேடம் எப்பவும் வண்டியில இட்டாந்து உடறாரு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் வெளிய பெஞ்சுல குந்திக்கினு இருப்பாரு. யாரும் கேக்கலையே."

சளிப் பரிசோதனையில் அவருக்கும் காசநோய். அப்பாவும் மகளும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார்கள். இருமல் நின்றது. படை ஆறியது, தழும்பு நிற்கிறது.

இப்போது எந்தப் பிள்ளை வந்தாலும், கூட வந்தவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று கேட்கிறேன். இதற்கு எம்.டி. பட்டம் தேவையில்லை. எங்கள் ஏழு பேரிடமும் அந்தப் பட்டம் ஒன்றுதான் இருந்தது.