கோஸ்டாரிகாவில் ராகுகாலம்

என் மனைவியின் தம்பி கனடாவுக்கென்று புறப்படும்வரை, கோஸ்டாரிகா என்ற நாட்டைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. ஏஜென்சிக்காரன் சொன்ன வழி அப்படி. பிரேசிலில் இறக்கி, காடு, ஆறு, பஸ் என்று நடு அமெரிக்கா முழுக்க இழுத்தடித்து மெக்சிகோவரை கொண்டுபோவான். "பேசாமல் பாரிசுக்கு வாடா, இஞ்சை நாங்கள் இருக்கிறம்தானே" என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். "அங்கை பப்பியே கிடைக்காது அத்தான்" என்று சிரித்தான். வதிவிடப் பத்திரத்துக்கான பப்பியே என்ற பிரெஞ்சுச் சொல்லை எங்கள் புலம்பலைக் கேட்டே படித்திருந்தான்.

நான் பாரிசில் ரூ லூயி-பிளாங் தெருவில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். அவன் அனுப்பும் படங்களைக் கடைக் கணினியில் பெரிதாக்கிப் பார்ப்பது வழக்கம். பனாமாவைத் தாண்டிக் கோஸ்டாரிகாவுக்குள் நுழைந்த பிறகு, படங்களில் ஒரே மாதிரியான காட்சி திரும்பத் திரும்ப வந்தது. மலைச்சரிவில் இறங்கும் பருத்த குழாய்கள், அவற்றின் அடியில் ஒரு வெள்ளைக் கட்டடம், அதற்கு முன்னால் ஆறு. பாலங்களில் பொலிஸ் நிற்பதால் இந்தப் பக்கமாகக் கூட்டிப்போகிறார்களாம். "எல்லாம் நீர்மின் நிலையங்களாம் அத்தான். இந்த நாட்டிலை கரண்டே தண்ணியிலைதான் எடுக்கிறாங்கள்" என்று குரல் பதிவு அனுப்பினான். அவனுக்கு அது அதிசயமாக இருந்தது. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கவேயில்லை. ஆறு அகலமாகக் கிடந்தது, தண்ணீரோ நடுவில் மட்டும் கொஞ்சம் ஓடியது. ஆனால் கரைப் பாறைகளில் ஈரக்கறை அவன் தலைக்கு மேலே இருந்தது.

இதை மனைவியிடம் சொன்னேன். "வாயைக் கழுவுங்கோ" என்றாள்.

அவளைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் மன்னார்க் கத்தோலிக்கன், அவள் யாழ்ப்பாணத்துச் சைவம். காதலித்துக் கட்டியதால் இரண்டு சாமியும் ஒரே அலுமாரியில் இருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ராகுகாலம்தான் என்னைப் படுத்தியெடுத்தது. அந்த நேரத்தில் அவள் கொத்தமல்லிக் கட்டுக்கூட வாங்கமாட்டாள். கார்த் என்ற வதிவிட அட்டையைப் புதுப்பிக்கப் பிரெபெக்தூர் அலுவலகத்துக்குப் போன நாளில், ராகுகாலம் முடியட்டும் என்று என்னை மெட்ரோ வாசலில் நிறுத்திவைத்தாள். ரோந்தேவூ நேரம் தவறி, காவலாளி உள்ளே விடவில்லை. "உம்மடை ராகு மெட்ரோவிலை டிக்கெட் எடுத்தோ வாறவர்?" என்று கேட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. ஃபொபூர் சேன்-தெனியில் சாமான் வாங்கிக்கொண்டு, மாலையில் அவள் கடைக்கு வந்திருந்தாள். கோஸ்டாரிகாவில் அப்போது காலை. தம்பி அழைத்தான். ஆற்றங்கரையில் நிற்கிறார்கள், அக்கரையிலிருந்து நிக்கராகுவா எல்லைக்கு வழி போகிறது, வழிகாட்டி உடனே இறங்கச் சொல்கிறான் என்றான்.

"இப்ப அங்கை என்ன நேரம்?" என்றாள்.

"ஒன்பது தாண்டுது அக்கா."

"ஐயோ, சனிக்கிழமையடா! பத்தரை மட்டும் ராகுகாலம். முடியட்டும், பிறகு இறங்கு."

பின்னால் யாரோ ஸ்பானிஷ் மொழியில் கத்துவது கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கூட்டத்தோடை போகச் சொல்லும். வழி தெரிஞ்சவன் சொன்னால் கேக்கவேணும்" என்றேன். "உங்களுக்கு இதுகள் விளங்காது" என்றாள். அவனும் அவள் பக்கம்தான். சின்ன வயதில் தாயை இழந்த பிள்ளை, அக்காவின் சொல்லை ஒருநாளும் தட்டியதில்லை. "சரி அக்கா, நான் நிண்டு வாறன்" என்றான். அவள் நிம்மதியாக ரூ பஜோல் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தப் போனாள்.

கடையில் சனி மாலைக் கூட்டம். கொஞ்சம் ஓய்ந்தபோது போனைப் பார்த்தேன். அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். மஞ்சள் அறிவிப்புப் பலகை ஒன்றின் கீழே, தனியே, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். தூரத்தில் அக்கரையில் மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, வழிகாட்டி கையை ஆட்டி இவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பலகையில் இருந்ததைப் போனில் மொழிபெயர்த்தேன். ஆபத்து, மழை இல்லாதபோதும் ஆறு திடீரென்று உயரும், ஆற்றுப்படுக்கையில் இறங்காதீர்கள் என்று வந்தது.

படத்தின் கீழே ஒரு குரல் பதிவும் இருந்தது. "ராகுகாலம் முடிஞ்சிட்டுது அத்தான். போனைப் பொலித்தீன் பையிலை கட்டப்போறன்."

அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. மறுபடி அழைத்தேன். மறுபடியும் மணி போனது. அதற்கடுத்த தரம் மணியே போகவில்லை.

அந்த நீர்மின் நிலையங்கள் எப்படி ஓடுகின்றன என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். ஊர் தூங்கும்போது மலைமேல் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். முற்பகலில் வீடுகளில் மதியச் சமையல் தொடங்கும். அங்கே பல வீடுகளில் மின்சார அடுப்புத்தான். கரண்ட் தேவை ஏறும்போது மதகு திறக்கும், சுழலியைச் சுற்றிவிட்டு அவ்வளவு தண்ணீரும் ஆற்றில் விழும். அது நாள்தோறும் நடக்கும் வேலை. நான் யாரைத் திட்டுவது? சோற்றுக்கு உலை வைத்த பெண்ணையா?

மனைவி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நல்ல நேரத்திலைதானே இறங்கினவன், அவனுக்கு ஒண்டும் நடவாது. எங்கையாவது பிடிச்சு வைச்சிருப்பாங்கள்" என்பாள். விசாரிக்க வந்தவர்களுக்கும் அதையே சொன்னாள். அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். பலகைப் படத்தை அவளுக்கு நான் காட்டவில்லை. காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவனோடு போன பையன் மெக்சிகோவிலிருந்து அழைத்தான், முல்லைத்தீவுக்காரன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். சைரன் ஊதியதாம். என்னவென்று விளங்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். "நடு ஆத்திலை நிண்டவன் அக்கா. பிறகு நாங்கள் அவனைக் காணேல்லை."

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் இறங்கேக்கை ராகுகாலம் முடிஞ்சிட்டுதோ?"

"ஓம் அக்கா, முடிஞ்சிட்டுது" என்றான்.

"அப்ப சரி" என்று போனை என் கையில் தந்துவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் ஜன்னலோரம் போய் நின்றேன்.

"அண்ணை, அக்கா பக்கத்திலை இல்லையோ?" என்று கேட்டான்.

"இல்லை. சொல்லும்."

"நாங்கள் போகேக்கை தண்ணி முழங்காலுக்குத்தான் அண்ணை. சப்பாத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நடந்தே போனனாங்கள். எங்களையும் நிக்கச் சொன்னவன், அக்கா சொன்னவ, நில்லுங்கோ எண்டு. நாங்கள் சிரிச்சுப்போட்டுப் போயிட்டம்."

நாள் முழுக்கப் போனோடு மாரடிப்பவன் நான், ஸ்பீக்கரை அணைக்க மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் குசினி வாசலில் நின்றாள், கையில் அரிசி கழுவிய ஈரம்.

"முழங்காலுக்குத்தானோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.