பந்தல்குடிக்கு வந்த கடல்நீர்

இடமாற்றம் செய்தாலும் பயிற்சிக்கேற்ற பணியே தர வேண்டும் என்பது விதி. எண்பதுகளின் இறுதியில், தூத்துக்குடியில் மீன்குஞ்சு ஆய்வில் இருந்த என்னை, தண்ணீர் இல்லாத கண்மாய்களில் மீன் வளர்க்க அருப்புக்கோட்டைக்கு அனுப்பினார்கள். கடலில் இருவேறு நீர் சந்திக்கும் இடத்தில் நுரை கோடாக ஓடும். மிதவை உயிரிகளும் மீன்குஞ்சுகளும் அங்கேதான் கூடுகின்றனவா என்ற என் ஆய்வு பாதியில் நின்றது. தூத்துக்குடிக்கே திரும்பக் கேட்டு மனுப் போட்டேன்.

பேச ஆளில்லாத மாலைகளில், தூத்துக்குடி போகும் சாலையில் இருந்த பந்தல்குடி டீக்கடைக்குப் போவேன். அங்கே மீன் லாரி டிரைவர் ஒருவரிடம் பாதியில் நின்ற ஆய்வைப் பற்றிச் சொன்னேன்.

"இந்தக் காட்டுல உக்காந்து கடலைத் தேடுறீகளே சார்! பாட்டிலைக் குடுங்க, எம் மச்சான் போட்டுல போறான், தண்ணி மொண்டாரச் சொல்றேன்."

பதப்படுத்தும் மருந்து ஊற்றி இரண்டு பாட்டில்கள் கொடுத்தேன். மறுவாரம் நிறைந்து வந்தன.

"இது நுரையில மொண்டது, அது தள்ளி. மாத்திப்புடாதீக."

அறையில் நுண்ணோக்கியில் பார்த்தேன். நுரை நீரில் கண்ணாடித் துணுக்குகளாய் எத்தனையோ குஞ்சுகள். மற்றதில் அநேகமாக ஒன்றுமில்லை. சொல்ல யாருமில்லை. பஸ் பிடித்துப் பந்தல்குடிக்குப் போய், லாரி வரும்வரை காத்திருந்தேன்.

"செயிச்சிட்டீகளே சார்!" என்று டிரைவர் எனக்கு டீ சொன்னார்.

மிதந்து திரிகிறவை எங்கே கூடும் என்பதற்கு, அந்த டீக்கடை பெஞ்சில் நானே ஒரு சான்று. 'மனு பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வந்தது, நான் ஓய்வுபெற்ற நாளின் மாலையில்.