தோசைக்கடையில் ஒரு நிமிட மௌனம்

மணி பன்னிரண்டே முக்கால். ஒரு மணிக்கு மீ போய்விடும். யாங்கூனில் மின்சாரத்துக்குப் பர்மிய மொழியில் மட்டுமல்ல, எங்கள் தமிழிலும் அதுதான் பெயர். அது போன மறுகணம் பபேடான் தெரு முழுவதும் ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கும். அதன்பின் அங்கே ஒலிப்பதிவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிரெஞ்சுப் பொது வானொலி ஒன்றின் கலாசார நிகழ்ச்சிக்காக, கிளேர் என்ற தயாரிப்பாளர் மா செல்வியின் தோசைக்கடையில் காலை முதல் பதிவு செய்துகொண்டிருந்தார். நான் மொழிபெயர்ப்பாளர், பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவி காலமாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதன்பின் நான் ஏற்ற முதல் பணி இது.

பேட்டி நன்றாகவே அமைந்தது. தோசை மாஸ்டர் கணேசன் மைக்கை நோக்கிக் குனிந்து, "சயா, சுர்ருங்கிற சத்தம் பிரான்சு வரைக்கும் கேக்கணும்ல? இன்னொண்ணு ஊத்தட்டுமா?" என்று கேட்டுக் கேட்டே ஏழு தோசை ஊற்றிவிட்டார். சயா என்றால் ஆசிரியர்.

"ஊத்துறது நீ, திங்கிறது யாரு? இந்தம்மாவுக்கு ரெண்டே இறங்கல" என்றார் மா செல்வி.

எஞ்சியது ரூம் டோன். யாரும் பேசாதபோது அந்த அறையில் இருக்கும் ஒலியைத் தனியே பதிவு செய்வதற்கு அப்படிப் பெயர். எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களை அதைக்கொண்டுதான் மூடுவார்கள். அது கிடைக்காவிட்டால் காலை முழுவதும் எடுத்த பேட்டி துண்டு துண்டாகக் கேட்கும். கிளேருக்கோ அன்று மாலையே விமானம்.

அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒரு நிமிட மௌனம் வேண்டும் என்று பிரெஞ்சில் கூறினார். நான் எழுந்து, என் வழக்கப்படி செந்தமிழில் அறிவித்தேன்:

"அனைவரும் ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு வேண்டுகிறேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் எச்சில் கையோடு தலைகுனிந்தார். கணேசன் தலைத்துண்டை அவிழ்த்தார்.

"யாரு சயா? யாரு போனது?"

"பிரான்சுல பெரிய ஆளா இருக்கும்" என்றார் எச்சில் கைக்காரர்.

"இந்தம்மாவுக்குச் சொந்தமோ என்னமோ. பாவம், காலையிலேருந்து சிரிச்சுக்கிட்டே இருந்துச்சே!" என்றார் கணேசன்.

கிளேர் ஹெட்ஃபோனைச் சற்றே விலக்கினார். "மெஸ்யே, ஏன் எல்லாரும் நிற்கிறார்கள்?"

ஒரு மணிக்கு நான்கு நிமிடங்கள் இருந்தன. தவறு என்னுடையது. இரங்கல் கூட்டத்தில் சொல்லும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். விளக்கினால் சிரிப்பு எழும். அது அடங்குவதற்குள் மீ போய்விடும்.

"யாருக்குன்னு என்ன கேள்வி?" என்று அதட்டினார் மா செல்வி. "நம்ம சயாமாவுக்குத்தான். அடக்கத்தன்னிக்கு யாவாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தோமே, இப்பவாச்சும் ஒழுங்கா நில்லுங்க."

அத்தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்த என் மனைவியை அப்படித்தான் அழைப்பார்கள்.

நான் திருத்தவில்லை. கிளேருக்குக் கையசைத்தேன். பதிவு ஓடியது. கல்லில் எண்ணெய் மெல்லப் பொரிந்தது, மின்விசிறி சுழன்றது. அறுபது வினாடிகள் யாரும் இருமக்கூட இல்லை.

பிறகு மீ போயிற்று, ஜெனரேட்டர்கள் உறுமின, எல்லாரும் அமர்ந்து சாம்பார் கேட்டார்கள்.

"இவ்வளவு சுத்தமான ரூம் டோன் எனக்கு எங்குமே கிடைத்ததில்லை" என்றார் கிளேர்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு ஒன்று சொல்வேன். கேட்பவர் என்ன செய்யவேண்டுமோ, அதை மொழிபெயருங்கள். நான் இப்போதெல்லாம், "மெஷினுக்காகக் கொஞ்சம் பேசாம உக்காந்திருங்க" என்கிறேன். யாரும் எழுவதில்லை.

நிகழ்ச்சி ஒலிபரப்பானது. கணேசனின் பேச்சுக்கும் மா செல்வியின் சிரிப்புக்கும் அடியில் அந்த நிமிடம் தொடர்ந்து ஓடுகிறது. பாரிசில் கேட்டவர்கள், மின்விசிறிச் சத்தம் என்றுதான் எண்ணியிருப்பார்கள்.