இரண்டு கட்டை கீழே

என் நேம் கார்டில் மூன்று வேலைகள் போட்டிருக்கும். பாடகர், தயாரிப்பாளர், மேனேஜர். மலேசியாவின் ஜொகூரில் தமிழ்ப் பாட்டை வைத்துப் பிழைக்க வந்தவன் மூன்றையும் தானே செய்ய வேண்டியதுதான், வேறு எந்த மடையன் வருவான்? பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுப் பின்னறைதான் ஸ்டூடியோ, ஆபீஸ், எல்லாம். ஏதாவது சொதப்பினால் பாடகன் தயாரிப்பாளரைத் திட்டுவான், தயாரிப்பாளர் மேனேஜரைத் திட்டுவார் என்று நண்பர்களிடம் கிண்டலடிப்பேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கிண்டல் எனக்கு வாயில் வருவதில்லை.

எனக்கு ஓடிய பாட்டு ஒன்றே ஒன்று. குத்துப்பாட்டு. கல்யாணங்களில் போடாத மண்டபம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு பெண் குரல், வார்த்தையே இல்லாமல் ஹம்மிங் செய்யும், சின்னப் பிள்ளையின் குரல் போல மெல்லிசாக. பிறகு உறுமி, தவில், நான். அந்த ஹம்மிங்குக்காகத்தான் பாட்டு ஓடியது, என் பங்கு வெறும் கூச்சல்தான். யார் குரல் என்று கேட்டவர்களிடம், “கம்ப்யூட்டர்லா” என்று சிரித்து மழுப்பினேன். அது என் மனைவியின் குரல்.

அவள் முதல் பிள்ளை உண்டாகியிருந்த சமயம். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. விடுமுறை நாளில் சமையலறையில் அரிசி களைந்துகொண்டே ஒரு மெட்டை இழுத்துக்கொண்டிருப்பாள். எந்தப் படத்துப் பாட்டும் இல்லை, வயிற்றுப் பிள்ளைக்காக அவளே பாடிக்கொண்டது. ஒரு நாள் என் கைப்பேசியைப் பிரிட்ஜ் மேல் வைத்துப் பதிவு செய்தேன். “அலமாக், என்னையும் விட்டு வைக்க மாட்டீங்களா?” என்று சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நான் பின்னறைக்குப் போய்விட்டேன். கைப்பேசி அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆறாம் மாதம், பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. ரேடியோ போட்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். நான் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன்.

கல்யாண சீசன் வருகிறது, புதுப் பாட்டு எங்கே என்று மேனேஜர் நச்சரித்தான். அவன் நான்தான். தயாரிப்பாளர் பழைய பதிவுகளைத் துழாவி இதை எடுத்தான். அவனும் நான்தான். வாஷிங் மெஷின் இரைச்சல், பாத்திரச் சத்தம், நடுநடுவே அவள் பேச்சு. எனக்கு ஹம்மிங் மட்டும் போதும். மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, குரலின் சுருதியை இரண்டு கட்டை ஏற்றினேன். இனிமைக்காக ஏற்றினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். அவளுக்கு அடையாளம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் மூலப் பதிவை அழித்தேன். பழைய கைப்பேசியையும் மாற்றினேன்.

அவள் காதிலும் அந்தப் பாட்டு ஒன்றிரண்டு முறை விழுந்தது. “நல்லாத்தான் போகுது போல” என்றாள், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. நான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

போன மாதம் கூலாயில் அவளுடைய சித்தி மகளுக்குக் கல்யாணம். மதிய விருந்தில் நான் பாடாமல் விடுவார்களா? ஹம்மிங்கும் இசையும் டிராக்கில் ஓடும், என் பங்கை மட்டும் நான் மைக்கில் பாடுவேன். அன்று பார்த்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. சவுண்ட் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம், “அண்ணே, டிராக்க ரெண்டு கட்ட எறக்கி விடுங்க. மேல போனா தொண்ட கிழிஞ்சிரும்” என்றேன். நாங்கள் வழக்கமாகச் செய்கிற வேலைதான். “எறக்கியாச்சு தம்பி, போலாம்” என்றார் அவர். மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஏற்றியதை நானே இறக்கிவிட்டேன்.

மண்டபம் முழுக்க என் மனைவி பாடினாள். அவளுடைய சொந்தக் குரல், சமையலறையில் கேட்ட அதே குரல்.

முன்மேசையில் தன் அக்காவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒலிபெருக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. அதற்குள் உறுமி ஆரம்பித்து, பிள்ளைகள் மேடைக்கு முன்னால் ஓடிவந்து ஆடத் தொடங்கினார்கள். நான் நிறுத்தியிருக்கலாம். தொண்டை போய்விட்டது என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? முழுப் பாட்டையும் பாடினேன். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். சீ, வெட்கங்கெட்டவன், அதையும் பாடினேன்.

திரும்பும்போது நல்ல மழை. செனாய் தாண்டிக்கொண்டிருந்தோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

“அது நான்தானே?”

“ஆமாம்மா.”

“முழுசா இருக்கா உங்ககிட்ட?”

“பாட்டா?”

“பாட்டு இல்லங்க. அன்னைக்கு நீங்க ரெக்கார்ட் பண்ணது. நீங்க ரூமுக்குப் போன பிறகு நான் பிள்ளைகிட்ட பேசிட்டு இருந்தேன். பேரு வச்சுக் கூப்பிட்டேன். உங்ககிட்டகூட சொல்லல, பொறந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன். நான் கூப்பிடக் கூப்பிட உள்ள உதைச்சுது.” அவள் குரலில் கோபமே இல்லை. ஆசைதான் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க, போதும்.”

அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மழையில் கண்ணாடி துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டாள்: “சரி. அழிக்கிறதுக்கு முன்னால கேட்டிருப்பீங்கல்ல? என்ன பேரு, சொல்லுங்க.”

பாட்டு வரும் இடங்களை மட்டும்தான் கேட்டேன், பேச்சைக் கேட்கவே இல்லை. கணினித் திரையில் பாட்டு ஒரு மாதிரியும் பேச்சு ஒரு மாதிரியும் கோடுகளாகத் தெரியும். பேச்சு எங்கே என்று கண்ணால் பார்த்தே வெட்டிவிடலாம். சத்தத்தை அணைத்து வைத்துக்கொண்டு வெட்டினேன்.

“கேக்கல” என்றேன்.

“ஒரு தடவகூடவா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போதும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சோறு போடுகிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள். என் பிள்ளையின் பெயர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாய் திறந்து கேட்டால் சொல்லவும் கூடும். கேட்க எனக்கு முகமில்லை.