அத்தைக்குப் போட்ட பிரிட்டிஷ் ஞாயிறு

துறைமுகத்தில் ஒரு கப்பலின் காகிதங்களுக்கு முத்திரை விழக் காத்திருந்த மதியம் அது. கப்பல் ஏஜென்சியில் என் வேலையில் பாதி காத்திருப்பதுதான். காத்திருக்கும் நேரமெல்லாம் போன்தான். அன்று அகப்பட்டது, எழுபதுகளில் பிரிட்டிஷ் தொலைக்காட்சி அன்றைய ஒளிபரப்பை முடித்துக்கொள்ளும் ஒரு வீடியோத் துண்டு. ஒரு கடிகாரம், அரசியை வாழ்த்தும் பாட்டு, பிறகு ஒரு குரல்: படுக்கப் போகுமுன் பெட்டியை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

பிளக் என்றதும் எழுந்து நின்றுவிட்டேன். அத்தை நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்பாவின் அக்கா. மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். தினமும் டிவியை அணைத்தபின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பார். கஞ்சத்தனம் என்பார் சித்தப்பா. அத்தை சின்ன வயதில் நாசரேத்திலிருந்து நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போய், ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். மிஷன் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக ஓய்வு பெற்றார். அந்த ஆறு வருடத்தைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “குளிரு. வேற என்னத்தச் சொல்ல.”

எனக்கு அது போதவில்லை. அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சிகளை ஒரு முழு நாளுக்கு அவர் முன் ஓடவிட்டால் எல்லாம் தானாக வெளியே வரும் என்று அங்கேயே முடிவு செய்தேன். எதையும் மெதுவாக முடிவு செய்ய எனக்கு வராது.

முழு நாள் எங்குமே கிடைக்கவில்லை. டிவிக்காரர்களே பழைய ஒளிநாடாக்களை அழித்து, அவற்றின்மேலேயே புது நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார்கள். வேறு வேறு வருடத்துத் துண்டுகளை ஒட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செய்தேன். மதியம் விவசாயிகளுக்கு மாடு வளர்ப்பு, சாயங்காலம் ஏதோ ஒரு ஊர்த் தேவாலயத்தில் பாட்டு, நடுநடுவே எதுவும் இல்லாத நேரத்துக்கு இசையோடு ஓர் அசையாத படம். இவற்றோடு ஒரு புதையலும் கிடைத்தது: அங்கே குடியேறிய இந்தியர்களுக்காகவே ஞாயிறு காலையில் வந்த நிகழ்ச்சி. சித்தார் இசை, சேலை கட்டிய அறிவிப்பாளர். அத்தையின் தனிமைக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் இருந்திருக்கும்? அதை முதலில் வைத்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த அத்தை, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று மாடிக்குப் போனார். நான் விடவில்லை. போய்க் கதவைத் தட்டினேன்.

“அத்தை, உங்க ப்ரோக்ராம் ஆரம்பிக்கப் போவுது. வாங்க.”

நல்ல நாற்காலியில் உட்காரவைத்தேன். சித்தார் ஒலித்தது. நான் டிவிக்குப் பக்கத்தில் நின்று போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அத்தை சேலையைச் சரிசெய்து, கைகளை மடியில் கோத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, லேசான சிரிப்போடு தலையாட்டிக்கொண்டே பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது. நிகழ்ச்சி முடியுமுன்பே அந்தப் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன், ‘அத்தை இங்கிலாந்துக்குத் திரும்பிய தருணம்’ என்று தலைப்புக் கொடுத்து.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா கேட்டார். “அக்கா, அந்தம்மா என்ன சொல்லுதா?”

“யாருக்குத் தெரியும். இந்தில்லா பேசுதா.”

“இவ்வளவு நேரம் தலைய ஆட்டுன.”

“அது பழக்கம்.”

எனக்கு ஏதோ உறைத்தது. “அப்ப இத அங்க பாத்ததே இல்லையா அத்தை?”

“பாக்காம என்ன. ஒரு ஞாயித்துக்கிழம விட்டதில்ல. ராத்திரி டூட்டி முடிச்சி வந்து அப்பந்தான் கண்ண மூடியிருப்பேன். ஹாஸ்டல்ல இருந்த வெள்ளக்காரப் பிள்ளைய எல்லாம் வந்து கதவத் தட்டும். எந்திரி, உங்க ப்ரோக்ராம் போடுதாங்கன்னு. கீழ கூட்டிட்டுப் போயி, இருக்கதுலயே நல்ல நாற்காலியப் போட்டு, டீயக் கையில குடுத்து, சுத்தி நின்னு என் மூஞ்சியப் பாக்கும். நல்ல பிள்ளைய. வீட்ட நெனச்சி ஏங்குதேன்னு அதுகளுக்கு எண்ணம்.”

“புரியலன்னு சொல்லியிருக்கலாம்லா?”

“முத வாரம் சொல்லியிருக்கலாம். அன்னைக்கு எல்லாம் ஆசையா நின்னுச்சி. ரெண்டாவது வாரம் எப்பிடிளா சொல்ல?”

“ஆறு வருசத்துல இந்தியாவது கத்துருக்கலாம்,” என்றார் சித்தப்பா.

“அதுக்கு நான் இங்கிலாந்துக்குப் போவணுமாக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே முகம் சூடேறியது. அந்தப் பெண்களுக்குத் தெரியாது. இந்தியா என்றால் ஒரே பேச்சு என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும். வங்கியிலிருந்து இந்திக் குரல் வந்தால் போனை என்னிடம் நீட்டுகிறவர் அத்தை. தெரிந்தும் தூங்கப் போனவரை எழுப்பிக் கொண்டுவந்து உட்காரவைத்தேன். அவர்களாவது டீ கொடுத்திருக்கிறார்கள்.

குழுவில் அதற்குள் பெங்களூர்க் கசின் இதயக்குறிகளாகப் போட்டிருந்தாள். படத்தை அழித்தேன். அவள் தன் ஸ்டேட்டஸில் வைத்ததை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். “ஏன், நல்லாத்தான இருக்கு?” என்றாள். முதலில் அழி, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

டிவியில் மாடுகள் வந்துவிட்டன. ஒரு வெள்ளைக்காரர் பசுவின் மடியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை மறுபடி கைகளைக் கோத்துக்கொண்டு, அதே சிரிப்போடு பார்க்க ஆரம்பித்தார். நான் ரிமோட்டைத் தேடுவதைப் பார்த்துவிட்டு, “ஓடட்டும்ளா. எவ்வளவு பாடுபட்டுச் சேத்துருக்க,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை.

“அத்தை, இது முத வாரந்தான்.”

என்னை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். “அப்பம் நிப்பாட்டு. எனக்குத் தூக்கம் வருது.”

எழுந்து போய்விட்டார். சித்தப்பா மாட்டைப் பற்றி ஏதோ ஜோக் அடித்தார். நான் சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் மறுபடி கழுவினேன்.

சாயங்காலம் டீயோடு மாடிக்குப் போனேன். போனைக் கீழேயே வைத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும், சீனி கம்மி என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. கடைசியில், அங்கே அவருக்கு எதுதான் பிடித்திருந்தது என்று கேட்டேன். இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

அத்தை கதவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“சனிக்கிழம சாயங்காலம் டிவில மல்யுத்தம் போடுவான். ரெண்டு தடியனுவ. ஒருத்தன் யோக்கியன், ஒருத்தன் அயோக்கியன். நடுவர் அங்கன திரும்புனா இவன் இங்கன முடியப் புடிச்சி இழுப்பான். வார்டுல கெழவிய எல்லாம் கட்டில்ல எந்திரிச்சி உக்காந்து ஏசும். நானும் ஏசுவேன்.”

“நீங்களா?”

“தமிழ்ல. யாருக்குப் புரியப் போவுது.”

என்னவென்று ஏசினீர்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார். மேட்ரன் வாயில் வரக்கூடாத வார்த்தைகளாம்.

வருகிற சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன். சித்தப்பா வரக்கூடாது. போன் மாடிக்கு ஏறக்கூடாது. பக்கத்து வீட்டில் போதகர் இருக்கிறார், ஜன்னலைச் சாத்தவேண்டும். அத்தை வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வரவேண்டும் என்று, அயோக்கியன் ஜெயிக்கிற ஆட்டமாக ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அதைத்தான் முதலில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.