நாலு விரல் மேலே

ஆனேக்கல் துப்பாக்கி சுடும் திடலில் என் பக்கத்தில் நின்றவர் ஒரு வங்கிக் காவலர். வெளுத்த காக்கி. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைய சுடும் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இலக்குத் தாளில் விழும் ஓட்டைகள் அவருக்குத் தெரியவில்லை. ஒத்திகையாக இரண்டு குண்டு சுட்டுவிட்டு, தொலைநோக்கி வைத்திருந்த என்னைக் கேட்டார்.

"எங்க சார் பட்டுச்சு?"

இரண்டும் வட்டத்துக்குக் கீழே. துணைக்கு ஆளில்லாமல் வந்திருந்த மனிதர்; உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை.

"நடுவுலதான்" என்றேன்.

அதை நம்பி, அதே குறியில் தேர்வுக்கான பத்துக் குண்டுகளையும் சுட்டார். பத்தும் கீழே.

தாளைப் பார்த்தவர் திட்டவில்லை.

"அவ்ளோ தூரத்துல குண்டு எறங்கும் சார். சொல்லியிருந்தா நாலு விரல் மேல புடிச்சிருப்பேனே. உங்கள விட்டா யாரக் கேப்பேன்?"

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார். தொலைநோக்கியில் அந்த முதுகு வெகுநேரம் தெரிந்துகொண்டே இருந்தது.