அண்ணன் கலைய விடாத அணி

1. யுத்தம் வந்ததும் கல்லூரிக் கால்பந்து அணியில் பாதிப் பேர் போய்விட்டார்கள்.
2. மிச்சப் பேருக்கு அண்ணன் தலைவரானார்.
3. அந்தப் பருவத்தில் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றது.
4. கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் அண்ணனின் பாதம் கிழிந்தது.
5. கடைசி ஆட்டத்தையும் அவர் ஆடினார். அதிலும் தோல்வி.
6. காயத்தின் வழியே வரும் ரணஜன்னி கண்டு இறந்தார்.

பந்தாட்டத்தில் ஒரு பிள்ளை சாவானா என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பலர் கேட்டீர்கள். முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இப்போது எழுதுகிறேன்.

அண்ணன் சாந்தோமில் பிறந்தார். ஆசிரியரான எங்கள் அப்பாவுக்கு மூத்த பிள்ளை. அம்மா நோயில் கிடந்த வருடங்களில் கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். வருகிறேன் என்று சொன்ன இடத்துக்கு வராமல் இருந்ததில்லை.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பட்டணம் காலியானபோது போன ஆட்டக்காரர்கள் சிலர் திரும்பவில்லை. சிலர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். அண்ணன் மயிலாப்பூர், தேனாம்பேட்டை என்று வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். மாட வீதியில் ஓர் அம்மாள், "பந்தை உதைச்சுண்டு திரிஞ்சா இவன் பரீட்சையை யார் எழுதறது?" என்றாராம். தானே கணக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டு அந்தப் பையனை அழைத்து வந்தார்.

சேர்ந்தவர்களுக்கு ஆட்டம் தெரியாது. வேடிக்கை பார்க்க வரும் குப்பத்து ஆட்கள், "இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி கோல் வாங்கப் போறே?" என்பார்கள். "நீயே எண்ணிக்கினு இரு, எனக்கு மறந்து பூடுது" என்பாராம் அண்ணன்.

தோல்விகளைப் பார்த்த பிரின்சிபால், இனி ஒரு தடவை பதினொரு பேர் சேராவிட்டாலும் அணியைக் கலைத்துவிடுவதாகச் சொன்னார். மாற்று ஆள் ஒருவரும் இல்லை.

அவர்கள் வெறுங்காலில் ஆடுபவர்கள். கால் கிழிந்தால், எல்லைக்கோட்டில் போட்டிருக்கும் சுண்ணாம்புத் தூளை அள்ளி அப்பி ரத்தத்தை நிறுத்திக்கொண்டு ஆடுவது அங்கே வழக்கம். மாடு மேயும் மைதானம் அது. ரத்தம் நிற்கும், சாணமும் மண்ணும் காயத்துக்குள்ளேயே நிற்கும். அண்ணனும் அப்படித்தான் செய்தார்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பழகியவள். அவர் காலைத் தாங்கி நடப்பதைக் கண்டு கேட்டேன். "முள்ளு குத்திச்சு பாப்பா. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கினு வந்துடாதே" என்று சிரித்தார். மறுநாள் ஜோடு போட்டுக்கொண்டு நேராக நடந்து காட்டினார். கடைசி ஆட்டத்துக்குப் பதினொரு பேரும் வந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நற்கருணை வாங்க முழந்தாளிட்டவரால் வாயைத் திறக்க முடியவில்லை. சாமியார் காத்து நின்றார். பல்வலி என்று அப்பா நினைத்தார். பூட்டிய தாடையைக் கண்டதும் ரணஜன்னி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வெளிச்சம் பட்டாலே இழுப்பு வரும் என்று ஆஸ்பத்திரியில் இருட்டு அறையில் கிடத்தினார்கள். மருந்து கொடுத்தார்கள், காலம் கடந்திருந்தது. கடித்த பல்லுக்கிடையே அவர் சொன்னது ஒன்றுதான் விளங்கியது: "டீமைக் கலைக்க வேணாம்னு பிரின்சிபால் கிட்ட சொல்லு."

அடக்கம் முடிந்ததும் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன்.

கடைசி மந்திரம் சொன்ன பங்குச் சாமியாருக்கும், அறை வாசலை விட்டு நகராத மாட வீதிப் பையனுக்கும், கேட்காமலே பெட்டிக்குத் தோள் கொடுத்த குப்பத்து ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது.

அப்பா மறுபடி பள்ளிக்குப் போகிறார். அம்மா எழுந்து நடமாடுகிறார். இந்த வருடப் பந்தயங்களுக்குக் கல்லூரி கால்பந்து அணியை அனுப்பவில்லை.